சிபாப் ஹியுமிடிஃபையருக்கு எந்தத் தண்ணீர்?

ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி இது. கையேட்டைப் புரட்டினால், அந்தக் காற்றை ஈரப்படுத்தும் ஹியுமிடிஃபையரின் தொட்டியில் 'டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும்' என்று ஒரு வரி இருக்கும். ஏன் என்று பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரியாததால் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. குடிக்கிற தண்ணீர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் ஒரு பக்கம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியாயிற்று, இனி கவலையில்லை என்று அதே தண்ணீரை நாலைந்து நாள் தொட்டியிலேயே விட்டுவைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டில் உடம்புக்கு அதிகக் கெடுதல் செய்யக்கூடியது இரண்டாவதுதான் என்பது எங்கள் கணிப்பு.

தண்ணீரைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அதில் கரைந்திருக்கும் உப்புகள். மற்றொன்று, அதில் உயிரோடு இருக்கும் கிருமிகள். உப்பு மெஷினைக் கெடுக்கும். கிருமி ஆளைக் கெடுக்கும். உப்பு இல்லாத தண்ணீரில் கிருமி இருக்கலாம். கிருமி இல்லாத தண்ணீரில் உப்பு நிறைய இருக்கலாம். கடையில் பாட்டிலைப் பார்க்கும்போதும் வீட்டில் ஃபில்டரைப் பார்க்கும்போதும் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

சிபாப் மெஷினில் இருக்கும் ஹியுமிடிஃபையர் தண்ணீரைத் தெளிப்பதில்லை. தொட்டியின் அடியில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அது மெஷினின் சூடேற்றும் தட்டின் மேல் உட்காரும். தண்ணீர் மெதுவாகச் சூடாகி ஆவியாகிறது. மெஷின் தள்ளும் காற்று அந்த நீர்ப்பரப்பின் மேலாகப் போய், ஆவியை அள்ளிக்கொண்டு குழாய் வழியாக மாஸ்க்குக்கு வருகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும்.

அறையில் வைக்கும் அல்ட்ராசோனிக் ஹியுமிடிஃபையர் வேறு ரகம். அது தண்ணீரை அதிர வைத்து நுண்ணிய துளிகளாக வெளியே வீசுகிறது. அந்தத் துளியோடு உப்பும் கிருமியும் சேர்ந்தே பறக்கும். மேசை நாற்காலிகளில் வெள்ளைப் பொடி படிவது அதனால்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், 'குழாய்த் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு நுரையீரலில் படியும்' என்று சிபாப் பயன்படுத்துகிறவர்களைப் பயமுறுத்துவது சரியல்ல. ஆவியில் சுண்ணாம்பு வராது.

அதே காரணத்தால் தலைகீழாக இன்னொன்று உண்மை. எளிதில் ஆவியாகிற எதுவும் நேராக மூக்குக்குள் வரும். குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை வருவது அப்படித்தான். ஆகவே வாசனை எண்ணெய், தைலம், பன்னீர், மூலிகைச் சாறு எதையும் தொட்டியில் விடக்கூடாது. மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்துவதோடு தொட்டியின் பிளாஸ்டிக்கையும் ரப்பர் கேஸ்கெட்டையும் எண்ணெய் அரித்துவிடும். விரிசல் விட்ட தொட்டியில் காற்று கசியும். கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சிகிச்சையே பாதி.

உப்பு எவ்வளவு வேகமாகச் சேர்கிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியில் 350 மி.லி. தண்ணீர், அதன் டிடிஎஸ், அதாவது மொத்தக் கரைபொருள், லிட்டருக்கு 200 மில்லிகிராம். குழாய்த் தண்ணீரில் இது பெரிய அளவே இல்லை. தொட்டிக்குள் இருக்கும் உப்பு 70 மில்லிகிராம். இரவில் 250 மி.லி. ஆவியாகிறது என்றால், காலையில் மிஞ்சும் 100 மி.லி.யில் அந்த 70 மில்லிகிராமும் அப்படியே இருக்கும். அதன் டிடிஎஸ் இப்போது 700.

மிச்சத்தைக் கொட்டாமல் மேலே 250 மி.லி. ஊற்றி நிரப்பினால் இன்னும் 50 மில்லிகிராம் சேர்கிறது. இப்படியே தினமும் நிரப்பிக்கொண்டே போனால் ஏழாம் இரவு முடியும்போது அந்த 100 மி.லி.யில் 370 மில்லிகிராம் உப்பு. லிட்டர் கணக்கில் 3700. ஆனால் அது முழுவதும் கரைந்த நிலையில் நிற்காது. சூடுபட்ட கால்சியம் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது வெள்ளைக் காரையாக, தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

காரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. தட்டு சூடாகும், தண்ணீர் போதிய அளவு சூடாகாது. செட்டிங்கை எவ்வளவு ஏற்றினாலும் மூக்கு வறண்டபடியே இருக்கும். மெஷினில்தான் கோளாறு என்று பலர் சர்வீசுக்கு எடுத்துப் போவது இந்தக் கட்டத்தில். சொரசொரப்பான காரை கிருமி ஒட்டிக்கொள்ளவும் இடம் கொடுக்கும். வழவழப்பான தகட்டைத் துடைத்துவிடலாம். காரையின் இடுக்கைத் துடைக்க முடியாது. குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் என்றால் இன்னொரு தொல்லை: எவர்சில்வர் தகட்டிலும் ஊசி குத்தினாற்போலப் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். அப்படி அரித்த தொட்டியைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கிருமி எங்கிருந்து வருகிறது

ஆவியோடு பாக்டீரியா ஏறி வருவதில்லை என்றால் கிருமியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? தண்ணீர் எப்போதும் ஆவியாக மட்டும் வருவதில்லை என்பதால். அளவுக்கோட்டைத் தாண்டி நிரப்பினால், நிரப்பிய தொட்டியோடு மெஷினைத் தூக்கினால், தூக்கத்தில் கை பட்டுச் சாய்ந்தால், தண்ணீர் நேராகக் குழாய்க்குள் போகும். குளிர்ந்த அறையில் குழாயின் உட்சுவரில் ஆவி மீண்டும் நீராகி வழியும். இரவு முழுக்கக் காதருகே களகளவென்று சத்தம் கேட்பதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் இதுதான். அழுக்கான தொட்டியிலிருந்து சிதறிய ஒரு சொட்டும் குழாயில் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே கிருமி குடியேறிவிடும். அதன்பின் மாஸ்க் வழியே வீசுகிற காற்று அந்த ஈரத்தைத் தொட்டுத்தான் வருகிறது.

சூடுதான் ஏறுகிறதே, கிருமி சாகாதா என்று கேட்கிறார்கள். சாகாது. சில மெஷின்களின் கையேட்டில் சூடேற்றும் தட்டின் உச்ச வெப்பநிலை 68 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். அது தட்டின் உச்சவரம்பு. தண்ணீர் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும். இரவில் வெதுவெதுப்பும் பகலில் தேங்கலுமாக இருக்கும் தொட்டி அதற்குத் தோதான இடம். சூடோமோனாஸ் ஈரம் இருக்கும் எந்த இடத்திலும் வளரும். காசநோயல்லாத மைக்கோபாக்டீரியா வகைகள் குளோரினையே தாக்குப்பிடிப்பவை. சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். ஆரோக்கியமானவர் இவற்றைக் குடித்தால் வயிற்று அமிலம் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நுரையீரலில் அந்த அமிலம் இல்லை. குடிக்கத் தகுந்த தண்ணீர் மூச்சுக்கும் தகுந்தது ஆகாது என்பதன் காரணம் இதுதான்.

நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஒருநாள் விட்டுக்கொடுக்கலாம் என்று கீழே சொல்லும் இடங்களில் இவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒவ்வொரு தண்ணீராகப் பார்த்தால்

டிஸ்டில்டு வாட்டர், காய்ச்சி வடித்த நீர். கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தது. உப்பு கிட்டத்தட்ட முழுவதும் பின்தங்கிவிடும். கொதிநிலையில் கிருமியும் செத்துவிடும். நல்ல டிஸ்டில்டு வாட்டரில் டிடிஎஸ் ஒற்றை இலக்கத்துக்குள் இருக்கும். இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் தருவதால்தான் கையேடுகள் இதைச் சொல்கின்றன. ஆனால் ஸ்டெரைல் என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய, டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் கிருமியற்றதாக அடைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மூடியைத் திறந்த பிறகு அது உங்கள் கையின் சுத்தத்தைப் பொறுத்தது.

டிமினரலைஸ்டு அல்லது டிஅயனைஸ்டு வாட்டர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிடிஎஸ் பூஜ்யம் காட்டும், டிஸ்டில்டு வாட்டர் போலவே தோன்றும். ஆனால் இது கொதிக்கவைத்து எடுத்ததல்ல. ரெசின் மணிகள் நிரம்பிய குழாய் வழியே விட்டு உப்பின் அயனிகளை மட்டும் பிடித்து எடுத்தது. ரெசின் கிருமியைப் பிடிக்காது. பழைய ரெசின் படுகையே கிருமி வளரும் இடமாகிவிடுவதும் உண்டு. மெஷினுக்கு இது நல்ல தண்ணீர். ஆளுக்கு நல்லதா என்பது அதன்பின் அதை எப்படிச் சுத்திகரித்து அடைத்தார்கள் என்பதில் இருக்கிறது. மருந்துத் தரம் என்று தெளிவாக இருந்தால் பயன்படுத்தலாம்.

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் அந்த வகைதான். சில பாட்டில்களில் 'டிஸ்டில்டு' என்றே அச்சிட்டிருக்கும். அது பேட்டரித் தகட்டுக்காகத் தயாரித்தது. கிருமி எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை, கேன் எதற்கெல்லாம் பயன்பட்டது என்றும் தெரியாது. பக்கத்திலேயே அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட் விற்கும் கடையும் உண்டு. மூச்சில் போகும் தண்ணீருக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆர்ஓ தண்ணீர். சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் இந்த முறையில் உப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் முழுவதும் அல்ல. மூலத் தண்ணீர் எவ்வளவு உப்போ அதற்கேற்ப மிச்சமும் கூடும். அதோடு குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்பதற்காக வீட்டு மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலரோ மினரல் கேட்ரிட்ஜோ வைத்திருப்பார்கள். எடுத்த உப்பில் கொஞ்சம் திரும்ப உள்ளே வருகிறது. இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை: ஆர்ஓவின் முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும். காவலுக்கு இருந்த குளோரின் போன பிறகு, அந்தத் தண்ணீர் மெஷினின் சேமிப்புத் தொட்டியில் மணிக்கணக்கில் நிற்கிறது. குழாய் முனையின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுக்கும். டிஸ்டில்டு கிடைக்காத நாளில் ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினால் உப்பும் குறைவு, கிருமியும் இல்லை. இரண்டாவது இடத்தை நாங்கள் இதற்குத்தான் கொடுப்போம்.

கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீர் கிருமிக் கேள்விக்கு நல்ல பதில், உப்புக் கேள்விக்கு அரைகுறைப் பதில். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். கடல்மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் விட வேண்டும், உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால். கொதித்தபோது கடினநீரின் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் வெள்ளையாகப் படியும். அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் வடித்துக்கொள்ளலாம். சோடியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் அப்படியே இருக்கும், ஆவியான அளவுக்குக் கொஞ்சம் அடர்ந்தும் இருக்கும். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக்க வேண்டாம். முழுவதும் ஆறிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். கொதிநீர் பட்டால் பிளாஸ்டிக் நெளிந்து கேஸ்கெட் உட்காராமல் போய்விடும்.

பாட்டில் தண்ணீரில் மினரல் வாட்டர் என்பது பெயரே சொல்கிறபடி உப்புள்ளது. சுத்திகரித்த குடிநீர் பாட்டில்களிலும் உப்பைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம். லேபிளில் கரைபொருள் அளவு இருந்தால் பாருங்கள். சாஃப்ட்னர் போட்ட தண்ணீர் கையில் வழுவழுவென்று இருக்கும், சோப்பு நுரைக்கும். ஆனால் அதில் நடந்தது கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை மாற்றி வைத்தது மட்டுமே. மொத்த உப்பு குறையவில்லை.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து 'இதுவும் டிஸ்டில்டுதானே' என்பவர்கள் இருக்கிறார்கள். ஆவி குளிர்ந்து வந்த தண்ணீர் என்பது வரை உண்மை. ஆனால் அது வழிந்து வருவது தூசியும் பூஞ்சையும் ஈரமும் மாதக்கணக்கில் சேர்ந்த கூலிங் காயில் (குளிர்விக்கும் சுருள்), தட்டு, வடிகுழாய் வழியாக. டிடிஎஸ் பேனா வைத்தால் மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். வேண்டவே வேண்டாம். கூரையில் பிடித்த மழைநீருக்கும் இதே பதில்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டர் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, ஆனால் தினசரிக்குச் செலவு கட்டுப்படியாகாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத் தகும். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. அதே அலமாரியில், அதே மாதிரி பாட்டிலில் நார்மல் சலைன் இருக்கும். அதில் உப்பு 0.9%, லிட்டருக்கு 9 கிராம். தொட்டியில் 300 மி.லி. ஊற்றினால் ஒரே இரவில் 2.7 கிராம் உப்பு. 'ஸ்டெரைல்' என்ற சொல்லை மட்டும் படிக்காமல் முழு லேபிளையும் படியுங்கள். பாக்டீரியோஸ்டாடிக் என்று எழுதியிருந்தால் அதில் பென்சைல் ஆல்கஹால் கலந்திருக்கும், அதுவும் ஆகாது.

வீட்டிலேயே வடித்தால்

மேசைமேல் வைக்கும் மின்சார டிஸ்டில்லர் கொள்ளளவில் சாதாரணமாக 4 லிட்டர் இருக்கும். ஒரு லிட்டரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் தேவை. ஆக ஒரு தடவைக்கு 3 யூனிட், 750 வாட் மெஷின் என்றால் 4 மணி நேரம் பிடிக்கும். முதலில் வருகிற கால் கப் அளவைக் கொட்டிவிடுங்கள்; குளோரின் போல எளிதில் ஆவியாகிற சரக்கு முதலில் வருவதால். கடைசிச் சொட்டு வரை காயவிடவும் வேண்டாம். அடியில் நிற்கும் கலங்கலைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் கழுவினால் தட்டு சுத்தமாக இருக்கும். சேர்ந்துபோன காரைக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். வடிகிற தண்ணீரைக் கொதிநீரில் அலசிய கண்ணாடி ஜாடியில் பிடித்து உடனே மூட வேண்டும். அடுப்பில் பாத்திரம் வைத்து, மூடியைக் கவிழ்த்து, மேலே ஐஸ் வைத்து வடிக்கும் முறையும் வேலை செய்யும். மணிக்கணக்கில் காத்திருந்து ஒரு டம்ளர் கிடைக்கும். ஒரு இரவுக்காகச் செய்யலாம்.

டிடிஎஸ் பேனா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் நல்ல துணை. ஆனால் அது அளப்பது மின்கடத்தலை மட்டுமே. உப்பின் அயனி இருந்தால் காட்டும். கிருமி, பூஞ்சை, எண்ணெய், கரைப்பான் எதையும் காட்டாது. பாட்டில் சொன்னது டிஸ்டில்டுதானா என்று பார்க்க இது போதும்: 0 முதல் 5 வரை சரி, 10 வரை பரவாயில்லை, 30, 40 என்று காட்டினால் அது வேறு ஏதோ தண்ணீர். சோதிக்கும் தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துச் சோதியுங்கள், பாட்டிலுக்குள் பேனாவை விடாதீர்கள். கிண்ணத்தையும் முனையையும் அதே தண்ணீரால் ஒரு தடவை அலசிவிட்டு அளந்தால்தான் சரியான எண் வரும். முந்தைய தண்ணீரின் ஒரு சொட்டே எண்ணை ஏற்றிவிடும். பி.எச். தாளை வைத்துப் பார்த்து 'அமிலமாக இருக்கிறதே' என்று பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து டிஸ்டில்டு வாட்டர் 5.6, 5.8 என்று காட்டுவது இயல்பு.

எவ்வளவு வாங்கி வைப்பது

மாஸ்க்கின் வெளியேற்றத் துளைகள் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று போகிறது என்று வைத்தால், 8 மணி நேரத்தில் 14.4 கனமீட்டர். அறை 20 டிகிரியில் 50% ஈரப்பதத்தோடு இருந்தால் ஒரு கனமீட்டரில் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவி இருக்கும். மெஷின் அதோடு இன்னும் 12 முதல் 15 கிராம் வரை சேர்க்க வேண்டும் என்றால் ஓர் இரவுக்கு 170 முதல் 215 மி.லி. புழுக்கமான காலத்தில் அறைக் காற்றே கனமீட்டருக்கு 20 கிராம் தாங்கி வருவதால் தொட்டி குறைவதே தெரியாது, அது கோளாறல்ல. மாறாக, அறை மாறாமல் இருக்கும்போது தண்ணீர் திடீரென்று இரண்டு மடங்கு செலவானால் மாஸ்க்கைச் சோதியுங்கள். வாய் வழியாகவோ மாஸ்க்கின் ஓரமாகவோ காற்று கசிந்தால் மெஷின் கூடுதல் காற்றைத் தள்ளும், அது தண்ணீரையும் அள்ளிப்போகும்.

காலையில் மிஞ்சியதைக் கொட்டுவதால், வழக்கமான செலவுக்கு மேல் 50 மி.லி. வைத்து ஊற்றினால் போதும். உச்சக்கோடு வரை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 250 மி.லி. ஊற்றுகிறவருக்கு வாரம் 1.75 லிட்டர், தொட்டியை அலசவும் சேர்த்து 2 லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

அதனால் 1 லிட்டர் பாட்டில்களாக வாங்குவது நல்லது. 20 லிட்டர் கேன் மலிவாகத் தெரியும். திறந்தபின் இரண்டு மாதம் நிற்கும். திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதுங்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் தீரட்டும். அதற்குமேல் நின்றதை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றிக்கொள்ளலாம். பாட்டிலைச் சாய்த்து ஊற்ற வேண்டும். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளக்கூடாது, வாயை விரலால் தொடக்கூடாது, தொட்டியில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவே கூடாது. வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள்.

தினமும், வாரமும்

எழுந்ததும் தொட்டியை மெஷினிலிருந்து கழற்றி மிச்சத்தைக் கொட்டுங்கள். கை வைக்கும் முன் தகடு ஆறிவிட்டதா பாருங்கள். உள்ளே ஒரு அலசு அலசி, திறந்த நிலையில், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மாலைக்குள் முழுவதும் உலர வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தண்ணீரில் வாழும் கிருமிக்கு உலர்ந்த பிளாஸ்டிக்கில் பெருக வழியில்லை. மூடிய தொட்டி மாலை வரை ஈரமாகவே இருக்கும், அதனால் மூடியைத் திறந்து வைக்கச் சொல்கிறோம். குழாயையும் கழற்றித் தொங்கவிடுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் மாஸ்க் பக்கமாகச் சரித்து வடியுங்கள், மெஷின் பக்கம் சரிய வேண்டாம்.

படுக்கப்போகும்போது புதுத் தண்ணீர். தொட்டி மெஷினுக்குள் இருக்கும்போது ஊற்றாதீர்கள். வெளியே எடுத்து ஊற்றி, கோட்டைப் பார்த்து, மூடியின் கிளிப் சத்தத்தோடு உட்கார்ந்ததா என்று உறுதிசெய்து பொருத்துங்கள். மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்; குழாயில் நீராகும் ஈரம் முகத்துக்கு வராமல் திரும்ப ஓடும். அப்படியும் முகத்தில் தெளித்தால் ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், அல்லது சூடேறும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தை ஒரு படி ஏற்றுங்கள்.

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத மென்மையான திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்துணியால் மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த காரை பிடிக்கும். நன்றாக அலசி, கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் குழாய்த் தண்ணீரின் உப்பு உலர்ந்து ஒட்டாது. வெள்ளைக் கறை தெரிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அரைமணி ஊறவையுங்கள். கையேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ப்ளீச், ஸ்பிரிட், வாசனைக் கிருமிநாசினி எதுவும் கூடாது. பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி இரவெல்லாம் திரும்பக் கக்கும். ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகளையும் தவிர்ப்பது நல்லது. அந்த வாயு நுரையீரலுக்கே எரிச்சல். ஓசோனும் புறஊதாக் கதிரும் கொண்டு சிபாப் சுத்தம் செய்வதாக விற்கப்பட்ட பெட்டிகள் தன் அனுமதி பெறாதவை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. எந்தக் கருவி வைத்திருந்தாலும் சோப்பும் உலர்த்தலும் குறையக்கூடாது.

கறையின் நிறம் நிறையச் சொல்லும். வெள்ளையாக, வினிகரில் நுரைத்துக் கரைந்தால் கால்சியம் கார்பனேட். வினிகருக்கு மசியாத வெள்ளை என்றால் சல்பேட்டோ சிலிக்காவோ. சுரண்டாமல் தொட்டியை மாற்றுங்கள். பழுப்பு மஞ்சள் இரும்பு. இளஞ்சிவப்பில் வழுக்கலாக இருந்தால் அது உப்பல்ல, பாக்டீரியா. தண்ணீர் பல நாள் நின்றிருக்கிறது. கறுப்புப் புள்ளி பூஞ்சை. இளஞ்சிவப்போ கறுப்போ கேஸ்கெட்டின் மடிப்புக்குள் போய்விட்டால் கழுவி மாளாது, புதிதாக வாங்குவதே சரி. கறை எதுவும் இல்லாவிட்டாலும் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் பல உற்பத்தியாளர்கள்.

வெளியூரில், டிஸ்டில்டு கிடைக்காத இரவில்

தண்ணீர் இல்லை என்பதற்காகச் சிபாப் போடாமல் படுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. தண்ணீர் இல்லாமலும் மெஷின் ஓடும். ஈரப்பத செட்டிங்கை ஆஃப் செய்து, காலித் தொட்டியை அதன் இடத்தில் பொருத்தி, அல்லது மாடலுக்கேற்ற பக்க மூடியைப் போட்டு ஓட்டலாம். மூக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். வறட்சி தாங்காதவர்கள் கொதிக்கவைத்து ஆறிய ஆர்ஓ அல்லது பாட்டில் தண்ணீரை ஒன்றிரண்டு இரவு ஊற்றலாம். காலையில் மறக்காமல் கொட்டிக் கழுவ வேண்டும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஈரமில்லாமலே ஓட்டுவது நல்லது, அல்லது ஒரு ஸ்டெரைல் பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு மெஷினைப் பையில் வைக்கும் முன் தொட்டியைக் காலி செய்து துடையுங்கள். தொட்டியில் நிற்கும் நாலு ஸ்பூன் தண்ணீர் மோட்டார் பக்கம் ஓடினாலே மெஷின் போய்விடும்.

திரும்பத் திரும்ப சைனஸ் அடைப்பு, விட்டு விட்டுக் காய்ச்சல், குறையாத இருமல், மெஷின் காற்றில் மட்கிய வாடை, இவற்றில் எது வந்தாலும் தண்ணீரை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் மருத்துவரிடம் சிபாப் பயன்படுத்துவதையும் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், தொட்டியைச் சேர்ந்ததல்ல, ஆனால் சிபாப் போடுகிற பலர் செய்கிற காரியம். மூக்கடைப்புக்காக, கெண்டி போன்ற நெட்டி பாத்திரத்தில் மூக்கைக் கழுவுவது. அங்கே ஆவி இல்லை, தண்ணீரே நேராக மூக்கின் மேற்பகுதிக்குப் போகிறது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் அப்படிக் கழுவிய இருவர் நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். அதே தண்ணீரைக் குடித்தால் அந்த அமீபா ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. ஆகவே மூக்குக் கழுவத் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை எடுக்காதீர்கள். புதிதாகத் திறந்த டிஸ்டில்டு அல்லது ஸ்டெரைல் வாட்டர், இல்லையென்றால் 1 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அன்றே பயன்படுத்தும் தண்ணீர். பாத்திரத்தையும் அதே தண்ணீரால் அலசி உலர்த்துங்கள்.